கல்லாவில் பணம், கணக்கில் லாபம்: சிறு தொழிலுக்கு ரொக்கக் கணக்கா, அக்ரூவல் கணக்கா?

திருப்பூரில் பத்து மிஷின் போட்டுப் பவர் டேபிள், அதாவது பனியன் கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் யூனிட், நடத்துபவருக்கு வாரா வாரம் தவறாமல் வருவது சனிக்கிழமை. டெய்லருக்கும் அவருக்கு உதவும் கைமடிக்கும் செக்கிங் ஆட்களுக்கும் அன்றைக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். தைத்துக் கொடுத்ததற்குக் கம்பெனியிலிருந்து பணம் வருவது 45 நாளோ 60 நாளோ கழித்து. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் சிறு தொழில் செய்பவர்களின் கணக்கு குழம்புகிறது.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு யூனிட் இருந்தது. கணக்கு நோட்டு என் பொறுப்பு. பணம் வந்த அன்று வரவு, போன அன்று செலவு; எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான். முதல் வருடம் மார்ச் மாதத்தில் பழைய பில் ஒன்றுக்குப் பெரிய தொகை வந்தது. நோட்டைப் பார்த்தால் அந்த மாதம் நல்ல லாபம். அந்தத் தெம்பில் இரண்டு ஓவர்லாக் மிஷின் வாங்கினோம். ஏப்ரல் மூன்றாவது சனிக்கிழமை சம்பளத்துக்கு அக்காவின் நகை அடகுக்குப் போனது. அந்த மார்ச்சில் வேலையே குறைவு, நஷ்டத்தில்தான் ஓட்டியிருந்தோம் என்பது பிறகுதான் புரிந்தது. புதிதாகத் தொழில் தொடங்கும் யாருக்கும் அப்படி ஒரு ஏப்ரல் வரக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

ரொக்க முறையில் பணம் கைமாறும் நாள்தான் கணக்கு. பில் எப்போது போட்டீர்கள், வேலை எப்போது முடிந்தது என்பதெல்லாம் அதற்குத் தேவையில்லை. ரொக்கம் என்றதும் நோட்டுக்கட்டு என்று நினைக்க வேண்டாம். யுபிஐ-யில் வந்தாலும், காசோலை பணமானாலும், வங்கிக் கணக்குக்கு நேராக வந்தாலும் ரொக்க முறைக்கு எல்லாம் ஒன்றுதான்.

அக்ரூவல் முறையில், வேலையை முடித்துப் பணம் கேட்கும் உரிமை உங்களுக்கு வந்த நாளே வருமானத்தின் நாள். பணம் கொடுக்கும் பொறுப்பு உங்கள் மேல் விழுந்த நாளே செலவின் நாள். பணம் வருவதும் போவதும் அப்புறம் நடக்கும் தனிச் சங்கதி. ஆடிட்டர்கள் இதை மெர்க்கன்டைல் முறை என்றும் சொல்வார்கள். வருமான வரிப் படிவத்திலும் அந்தப் பெயர்தான் இருக்கும். பேரேட்டில் ஆள்வாரியாகப் பற்று எழுதி, வருடக் கடைசியில் சரக்கிருப்பையும் பாக்கியையும் கூட்டி ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) போட்ட கடைக்காரர்கள் செய்ததும் இதைத்தான்.

ஓர் எடுத்துக்காட்டு பார்க்கலாம். ஜனவரி 1 அன்று ஒரு பவர் டேபிள் தொடங்குகிறது. கம்பெனி 60 நாளில் பணம் தரும். நூல்கடைக்காரர் 60 நாள் கடன் தருகிறார். கரண்ட் பில் அடுத்த மாதம் கட்ட வேண்டும். ஜிஎஸ்டி, டிடிஎஸ் (பணம் தருபவர் முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும் வருமான வரி) இரண்டையும் இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

ஜனவரியில் தையல் பில் ₹3,00,000. கூலி ₹1,80,000, வாடகை ₹20,000, நூல் ₹24,000, கரண்ட் ₹12,000, ரிப்பேர் ₹4,000. பிப்ரவரியில் வேலை குறைகிறது: பில் ₹2,00,000, கூலி ₹1,50,000, வாடகை ₹20,000, நூல் ₹16,000, கரண்ட் ₹10,000, ரிப்பேர் ₹4,000. மார்ச்சில் இன்னும் குறைவு: பில் ₹1,20,000, கூலி ₹1,10,000, வாடகை ₹20,000, நூல் ₹10,000, கரண்ட் ₹8,000, ரிப்பேர் ₹2,000. ஜனவரி பில்லுக்கான பணமும் ஜனவரி நூலுக்கான பணமும் கைமாறுவது மார்ச்சில்.

| மாதம் | அக்ரூவல் கணக்கில் | ரொக்கக் கணக்கில் |
|---|---|---|
| ஜனவரி | ₹60,000 லாபம் | ₹2,04,000 பற்றாக்குறை |
| பிப்ரவரி | லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை | ₹1,86,000 பற்றாக்குறை |
| மார்ச் | ₹30,000 நஷ்டம் | ₹1,34,000 மிச்சம் |
| மூன்று மாதம் சேர்த்து | ₹30,000 லாபம் | ₹2,56,000 பற்றாக்குறை |

மார்ச் வரிசையை இன்னொரு முறை பாருங்கள். மூன்றில் மோசமான மாதம் அதுதான். ரொக்க நோட்டில் அதுதான் நல்ல மாதம். நாங்கள் மிஷின் வாங்கிய மார்ச் அப்படிப்பட்டது.

இரண்டு கணக்கும் கடைசியில் பொருந்துகின்றனவா என்று சரிபார்க்கவும் ஒரு வழி உண்டு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ₹2,86,000. கம்பெனியிலிருந்து வரவேண்டியது பிப்ரவரிக்கு ₹2,00,000, மார்ச்சுக்கு ₹1,20,000, ஆக ₹3,20,000. நாம் கொடுக்கவேண்டியது நூலுக்கு ₹26,000, கரண்டுக்கு ₹8,000, ஆக ₹34,000. கழித்தால் அதே ₹2,86,000. இந்தச் சரிபார்ப்பை மாதாமாதம் செய்து பழகுங்கள். பொருந்தவில்லை என்றால் எங்கோ ஒரு பில் விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

1. உங்கள் தொழிலுக்கு எது என்று முடிவு செய்யுங்கள்

ஒரே ஒரு கேள்வி போதும்: கடன் கொடுக்கிறீர்களா, கடன் வாங்குகிறீர்களா? டீக்கடை, சலூன், ஜெராக்ஸ் கடை போன்ற இடங்களில் வேலை முடிந்ததும் காசு வந்துவிடும். அங்கே ரொக்க முறையே போதும், எழுதவும் எளிது. கையில் காசு வாங்கி விற்கும் மளிகைக் கடையோ வேறு மாதிரி. விற்பது ரொக்கத்துக்கு என்றாலும் மொத்த வியாபாரியிடம் வாங்குவது கடனுக்கு. கடை நிறையச் சரக்கு வேறு இருக்கிறது. அதற்கு அக்ரூவல்தான் சரி என்பது என் கருத்து. ஜாப் ஒர்க் (கூலிக்குச் செய்து கொடுக்கும் வேலை), அச்சகம், காண்ட்ராக்ட் வேலை, மாதாந்திர பில் போடும் எந்தத் தொழிலுக்கும் முதல் நாளிலிருந்தே அக்ரூவல் முறையில் எழுதுங்கள்.

2. சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள்

பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் தேர்வுக்கே இடமில்லை. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 128-ஆவது பிரிவு அக்ரூவல் முறையில், இரட்டைப் பதிவில் (ஒவ்வொரு தொகையையும் ஒரு கணக்கில் பற்றாகவும் இன்னொன்றில் வரவாகவும் எழுதுவது) தான் கணக்கு வைக்கச் சொல்கிறது. எல்எல்பி-க்கு (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டு நிறுவனம்) 2008-ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டில் ஒன்றை அனுமதிக்கிறது.

தனி உரிமையாளரும் கூட்டு நிறுவனமும் வருமான வரிக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் தேர்ந்தெடுத்ததைத் தொடர்ந்து பின்பற்ற வேண்டும். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது 145-ஆவது பிரிவு. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. ரொக்கம் அல்லது மெர்க்கன்டைல் என்ற இரண்டு வழி மாறவில்லை.

இதில் பலர் செய்யும் தவறு கலப்படம். வருமானத்தைப் பணம் வந்த நாளிலும், செலவைப் பில் வந்த நாளிலும் எழுதினால் லாபம் குறைந்து தெரியும், வரியும் குறையும் என்று நினைக்கிறார்கள். அந்தக் கலப்பு முறைக்கு 1997-98 மதிப்பீட்டு ஆண்டிலிருந்தே இடமில்லை.

44ஏடி என்று பேச்சுவழக்கில் சொல்லப்படும் உத்தேச வருமானத் திட்டத்தில் இருப்பவர்கள், “எங்களுக்குக் கணக்கே வேண்டாமே” என்பார்கள். விற்றுமுதல் ₹2 கோடி வரை, ரொக்கமாக வாங்கியது 5 சதவீதத்துக்குள் இருந்தால் ₹3 கோடி வரை, 8 சதவீதத்தை லாபமாகக் காட்டினால் போதும். வங்கி வழியாக வந்த தொகைக்கு 6 சதவீதம். வரிக்கு அது சரி. ஆனால் உங்கள் தொழில் உண்மையில் ஓடுகிறதா, சாய்கிறதா என்பதை அந்த 8 சதவீதம் சொல்லாது.

3. தொடக்க நிலையை எழுதுங்கள்

ஏப்ரல் 1 அன்று, அல்லது தொழில் தொடங்கும் நாளில், ஒரு முழுத்தாளை எடுத்து இரண்டு பக்கமாகப் பிரியுங்கள். ஒரு பக்கம் கையிருப்பு, வங்கி இருப்பு, சரக்கு, மிஷின், கொடுத்த அட்வான்ஸ், வரவேண்டிய பாக்கி. மறுபக்கம் கொடுக்கவேண்டிய பாக்கி, வங்கிக் கடன், கைமாற்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் முதல்.

கட்டடத்துக்குக் கொடுத்த அட்வான்ஸ் செலவு இல்லை. காலி செய்யும்போது திரும்பி வரும். வங்கிக் கடன் வந்தது வருமானம் இல்லை. மிஷின் வாங்கிய முழுத் தொகையும் அந்த மாதச் செலவு இல்லை, தேய்மானம்தான் செலவு. இந்த மூன்றும் இரண்டு முறைக்கும் பொது.

4. நோட்டுகளைத் தயார் செய்யுங்கள்

வரிசை எண் போட்ட பில் புத்தகம், வாங்கிய பில்களுக்கு ஒரு ஃபைல், ரொக்க-வங்கி நாளேடு, ஆள்வாரியான பேரேடு. நான்கு போதும். டாலியிலோ ஜோஹோ புக்ஸிலோ எழுதினாலும் உள்ளே இருப்பவை இவைதான். டாலியில் கம்பெனியை சண்ட்ரி டெப்டார்ஸ் என்ற குழுவிலும் நூல்கடையை சண்ட்ரி கிரெடிட்டார்ஸ் குழுவிலும் திறக்க வேண்டும். இது மாறிப்போனால் ஐந்தொகையே தலைகீழாகிவிடும்.

5. அன்றன்றைக்கு எழுதுவது

பில் போட்ட அன்று: கம்பெனி கணக்கில் பற்று (டெபிட்) ₹3,00,000, தையல் வருமானத்தில் வரவு (கிரெடிட்) ₹3,00,000. மார்ச்சில் பணம் வந்த அன்று: வங்கியில் பற்று, கம்பெனி கணக்கில் வரவு. இந்த இரண்டாவது பதிவில் வருமானம் என்ற வார்த்தையே வரக் கூடாது. புதிதாக எழுதுபவர்கள் பணம் வந்ததும் மறுபடி வருமானத்தில் சேர்த்துவிடுவார்கள். ஒரே பில் இரண்டு முறை லாபத்தில் ஏறிவிடும்.

வாங்கும் பக்கமும் இப்படித்தான். நூல் பில் வந்த அன்று செலவு, பணம் கொடுத்த அன்று பாக்கி தீர்வு. ஒரே ஆளுக்கு ஒரே நாளில் ₹10,000-க்கு மேல் நோட்டாகக் கொடுத்தால் அந்தச் செலவை வருமான வரியில் ஏற்க மாட்டார்கள். எந்த முறையில் கணக்கு எழுதினாலும் இந்த விதி பொருந்தும்.

6. மாதக் கடைசி

அக்ரூவல் முறையின் உயிர் இந்த ஒரு நாளில்தான் இருக்கிறது. பலரும் பில்களை மட்டும் எழுதிவிட்டு, “நானும் அக்ரூவல்தான்” என்று நிறுத்திக்கொள்கிறார்கள். பில் வராத செலவும் பில் போடாத வருமானமும் வெளியே நின்றுவிடும். ஒரு மணி நேரம் ஒதுக்கி இவற்றைப் பாருங்கள்.

முதலில் கூலி. மாதம் புதன்கிழமை முடிந்தால் திங்கள், செவ்வாய், புதன் வேலைக்கான கூலி இந்த மாதச் செலவு, சனிக்கிழமை கொடுத்தாலும். அதைக் கொடுபட வேண்டிய கூலி என்று எழுதுங்கள். கரண்டுக்கு மீட்டரைப் பார்த்து உத்தேசமாகப் போடுங்கள். பில் வந்ததும் சரிசெய்துகொள்ளலாம்.

அடுத்து, தைத்து டெலிவரி சலானில் அனுப்பி, இன்னும் பில் போடாத பீஸ்கள். சலான் புத்தகத்தையும் பில் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக டிக் அடியுங்கள். மறந்துபோன பில்கள் இப்படித்தான் கிடைக்கும். எங்கள் யூனிட்டில் ஒருமுறை இரண்டு சலான்கள் நான்கு மாதம் பில் ஆகாமலேயே கிடந்தன. ரொக்கக் கணக்கில் அவை இல்லாதது தெரியவே தெரியாது, ஏனென்றால் வராத பணத்துக்கு அங்கே பதிவே கிடையாது.

முன்கூட்டிச் செலுத்தியவை: ஜனவரி 1 அன்று ஒரு வருட இன்சூரன்ஸுக்கு ₹12,000 கட்டினால் மாதத்துக்கு ₹1,000 மட்டும் செலவு. மார்ச் 31 அன்று ₹9,000 உங்கள் சொத்துப் பக்கத்தில் நிற்க வேண்டும். மீந்த நூலையும் ஊசியையும் எண்ணி விலை போடுங்கள்.

கடைசியாக, எல்லோரும் விட்டுவிடும் ஒன்று: தீபாவளி போனஸ். 8.33 சதவீதம் என்று வைத்தாலும் அது வருடத்துக்கு ஒரு மாதக் கூலி. ஜனவரியில் ₹1,80,000 கூலி கொடுத்த யூனிட்டுக்கு அந்த மாதமே ₹15,000 போனஸ் கடன் ஏறிவிட்டது. அதைச் சேர்த்தால் மேலே பார்த்த ₹60,000 லாபம் ₹45,000 ஆகிறது. அக்டோபரில் திடீரென்று வந்து நிற்கும் பாரம் என்று போனஸைப் பேசுகிறோம். உண்மையில் அது ஒவ்வொரு சனிக்கிழமையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிய கடன். ஆட்களின் உழைப்புக்கு நாம் பாக்கி வைத்திருக்கும் தொகை அது. மாதாமாதம் எழுதி, முடிந்தால் தனி வங்கிக் கணக்கில் போட்டும் வையுங்கள். வருமான வரியில் மட்டும் ஒரு விலக்கு: போனஸ், பி.எஃப்., வங்கி வட்டி போன்றவற்றை நோட்டில் எழுதினால் போதாது. ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசித் தேதிக்குள் கட்டியிருந்தால்தான் அந்த வருடச் செலவாக ஏற்பார்கள்.

7. சனிக்கிழமைத் தாள்

அக்ரூவல் கணக்கு லாபத்தைச் சொல்லும். இந்த வாரம் சம்பளம் கொடுக்கக் காசு இருக்குமா என்று சொல்லாது. மேலே உள்ள அட்டவணையில் ஜனவரி ₹60,000 லாபம், ஆனால் கையிலிருந்து போனது ₹2,04,000. அதனால் கூடவே ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். வரும் எட்டுச் சனிக்கிழமைகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே வரக்கூடிய பணம், போகக்கூடிய பணம், மிஞ்சுவது. எந்தச் சனிக்கிழமை துண்டு விழுகிறது என்று ஆறு வாரம் முன்னாலேயே தெரிந்தால் கம்பெனியிடம் கேட்கலாம், நூல்கடையில் தவணை சொல்லலாம். அன்று காலையில்தான் தெரிகிறது என்றால் வட்டிக்கடைதான்.

8. ஜிஎஸ்டியும் டிடிஎஸ்ஸும்

ரொக்க முறையில் கணக்கு எழுதினாலும் ஜிஎஸ்டி உங்களுக்காகக் காத்திருக்காது. சேவைக்குப் பில் போட்ட நாளோ பணம் வந்த நாளோ, எது முந்தியோ அதுதான் கணக்கு. தையல் ஜாப் ஒர்க்குக்கு 5 சதவீதம் என்றால் ஜனவரி பில்லுக்கு ₹15,000. மாதாந்திர ரிட்டர்ன் போடுபவர் நூலில் கட்டிய வரியைக் கழித்துக்கொண்டு மீதியை பிப்ரவரி 20-க்குள் கட்ட வேண்டும். கம்பெனி பணம் தருவது மார்ச்சில். ஆகவே சனிக்கிழமைத் தாளில் 20-ஆம் தேதிக்கும் ஒரு இடம் வேண்டும். ஜிஎஸ்டியை வருமானத்தில் சேர்க்காதீர்கள், அது உங்கள் பணம் இல்லை. நூல்கடைக்காரருக்கு 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் நூலுக்காகக் கழித்துக்கொண்ட வரியை (உள்ளீட்டு வரி) திருப்ப வேண்டியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

டிடிஎஸ் இன்னொரு சிக்கல். மார்ச் பில் ₹1,20,000-ஐக் கம்பெனி தன் நோட்டில் மார்ச்சிலேயே ஏற்றி, தனி உரிமையாளருக்கு 1 சதவீதம் என்று ₹1,200 பிடிக்கும். உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் படிவத்தில் (26ஏஎஸ் என்று பேச்சுவழக்கில் சொல்வது) அது இந்த வருடத்தில் தெரியும். நீங்கள் ரொக்க முறை என்றால் அந்த வருமானம் அடுத்த வருடம். அப்போது அந்த ₹1,200-ஐ அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ரிட்டர்னில் அதற்கு இடம் இருக்கிறது. ஆனால் மறந்தால் ஒன்று நோட்டீஸ் வரும், இல்லை பணம் போகும்.

9. ரொக்கத்திலிருந்து மாறுவதென்றால்

நிதியாண்டின் முதல் நாளில் மாறுங்கள், நடுவில் வேண்டாம். மார்ச் 31 அன்று ₹3,20,000 வரவேண்டியிருந்து, ஏப்ரல் முதல் மெர்க்கன்டைலுக்கு மாறினால், அந்தப் பணம் வரும்போது “அது போன வருடத்து வேலை” என்று வெளியே வைத்துவிட முடியாது. போன வருடம் அதற்கு நீங்கள் வரி காட்டவில்லையே. அதேபோல அன்றைக்குக் கொடுக்கவேண்டியிருந்த ₹34,000-உம் எந்த வருடத்திலும் செலவாக வராமல் போய்விடக் கூடாது. இந்த இரண்டு பட்டியலையும் பில் எண்ணோடு எழுதி ஆடிட்டரிடம் கொடுத்து, எப்படிக் காட்டுவது என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

10. பாக்கியை வயது பார்த்து வசூலியுங்கள்

பேரேட்டில் இருக்கும் பாக்கிகளை 30 நாள், 45 நாள், 90 நாள், அதற்கும் மேல் என்று மாதாமாதம் பிரியுங்கள். அக்ரூவல் முறையில் வராத பணத்துக்கும் வருமான வரி கட்டியிருப்பீர்கள். இனி வராது என்று உறுதியானால் வாராக்கடன் என்று நோட்டில் தள்ளுபடி எழுத வேண்டும், எழுதினால்தான் வரியில் கழிக்க முடியும். அந்தப் பில்லுக்குக் கட்டிய ஜிஎஸ்டி மட்டும் திரும்பாது.

அந்த நிலைக்குப் போகாமல் இருக்க, குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள். அரசின் இணையதளத்தில் செய்யலாம், கட்டணம் இல்லை. பதிவு பெற்ற குறு, சிறு தொழிலுக்கு ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 60 நாள் என்று பேசிக்கொண்டாலும் செல்லாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. 2023-24 நிதியாண்டு முதல் இன்னொரு பிடியும் சேர்ந்திருக்கிறது: கெடுவைத் தாண்டிய தொகையை, உண்மையில் கொடுக்கும் வருடம் வரை கம்பெனி தன் செலவாகக் கழிக்க முடியாது. அதனால் மார்ச் தொடக்கத்திலேயே கம்பெனியின் கணக்குப் பிரிவுக்குப் போன் செய்யுங்கள். வருட முடிவுக்குள் தீர்க்க வேண்டிய பாக்கிகளை அவர்களும் அப்போதுதான் தேடிக்கொண்டிருப்பார்கள். பில்லின் மேலேயே உத்யம் எண்ணை அச்சிட்டு, பணம் தர வேண்டிய தேதியையும் பக்கத்தில் போட்டிருந்தால் உங்கள் பில் அவர்கள் கண்ணில் முதலில் படும்.